அந்தப் பாட்டிக்கு வயது 125 அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கீழ் மூலையில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. கடல்பாசி எடுக்கும் பெண்களின் உறுப்பினர் பட்டியல் ஒன்றில் 37 பேருக்கு வயது 125 என்று போட்டிருப்பதாகவும், பட்டியல் போட்டவர்கள் தூங்கிக்கொண்டே தட்டியிருப்பார்கள் போல என்றும் எழுதியிருந்தீர்கள். எங்கள் தெரு முனை டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள். பால் வாங்கப் போன நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். அந்தப் பட்டியலைத் தட்டியது நான்தான். தூங்கவில்லை, நன்றாக முழித்திருந்துதான் தட்டினேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 43 வயது. அது சரியான வயதுதான், ஆஸ்பத்திரியில் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. தங்கச்சிமடத்தில் வீடு. பதினைந்து வருடமாக ஒரு சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஒரு வருட டிப்ளமோதான் படிப்பு. மீதியெல்லாம் தப்புப் பண்ணித் தப்புப் பண்ணிக் கற்றுக்கொண்டது. இன்னும் எங்கள் பக்கத்துப் பெண்கள் என்னை 'கம்ப்யூட்டர் பிள்ளை' என்றுதான் சொல்வார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 18 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அது. எங்கள் உறுப்பினர்களில் யார் யார் அந்த வயதுக்குள் வருகிறார்கள் என்று எக்செல்லில் ஒரு பட்டியல் வேண்டும், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்கள். இந்த மாதிரி வேலையெல்லாம் எப்போதும் சாயங்காலத்துக்குள்தான்.

உறுப்பினர் விவரம் எல்லாம் பழைய சாப்ட்வேர் ஒன்றில் இருக்கிறது. அதன் அடியில் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ். அதிலிருந்து சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கி, எக்செல்லில் திறந்து, பக்கத்தில் வயதுக்கு ஒரு பார்முலா போட்டேன். இந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிப்பது, அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு ஒழுங்காக வந்தது. 37 வரிசையில் மட்டும் வயதுக்குப் பதிலாகப் பிழைச் செய்தி. அந்தத் தேதிகளைப் பார்த்தால், சிலருக்கு 0000-00-00. சிலருக்கு 1959-00-00, 1962-00-00 என்று ஆண்டு மட்டும், மாதமும் நாளும் பூஜ்யம். எக்செல்லுக்கு இவை தேதியாகவே தெரியாது. வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிவைத்துவிடும். தேதி என்று அது ஒத்துக்கொண்டதெல்லாம் வலது ஓரத்தில் நிற்கும். பட்டியலைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது இப்போதெல்லாம் இந்த இடது வலதைத்தான். அன்றைக்குப் பார்க்கவில்லை.

போனில் கேட்டேன். பிழைச் செய்தியோடு பட்டியல் அனுப்பக் கூடாது, பார்க்க அசிங்கமாக இருக்கும், சுத்தம் பண்ணி அனுப்பு என்றார் மேலே உள்ளவர். அவர் சொன்னார் என்று அவர் தலையில் போடமாட்டேன், விரல் என்னுடையது. பிழை வந்த வரிசைகளை மட்டும் பில்டர் போட்டு எடுத்து, தேதிக் கட்டங்களை மொத்தமாகத் தேர்ந்து டெலிட்டைத் தட்டினேன். ஒரே நொடியில் பிழைச் செய்தி எல்லாம் மறைந்து, எண்கள் வந்துவிட்டன. அப்பாடா என்று கோப்பை அனுப்பிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். வந்த எண் என்ன என்று பார்க்கவில்லை.

வந்த எண் 125. ஏன் என்று சொல்கிறேன், இது கொஞ்சம் சுவாரசியமானது. எக்செல்லுக்குள் தேதி என்று ஒன்று கிடையாது, நாள் கணக்குதான் இருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. மறுநாள் 2. இப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் 2025 ஜனவரி 1 என்பது 45658 ஆவது நாள். கட்டத்தில் நாம் காண்பது அந்த எண்ணுக்குப் போட்ட சட்டை. கட்டம் காலியாக இருந்தால் பார்முலா அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்குச் சட்டை போட்டால் 1900 ஜனவரி 0 ஆம் தேதி. அப்படி ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் கிழிபட்டதில்லை. ஆனால் ஆண்டைக் கேட்டால் 1900 என்று கூசாமல் சொல்லும். 2025 இல் 1900 போனால் 125. ஆக, உங்கள் செய்தியில் வந்த 37 பேரும் மூதாட்டிகள் அல்ல, காலிக் கட்டங்கள்.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. 1959-00-00 என்று இருந்தவர்களுக்கு ஆண்டாவது தெரிந்திருந்தது. அதையும் சேர்த்து அழித்துவிட்டேன். 70 வயதைத் தாண்டியவர்களை நீக்கியபோது இந்த 37 பேரும் ஒட்டுமொத்தமாக வெளியே போய்விட்டார்கள். அந்தக் கட்டத்தில்தான் யாரோ ஒருவர் நீக்கிய பட்டியலைப் பார்த்துச் சிரித்து, அது உங்கள் நிருபர் கைக்கு வந்திருக்க வேண்டும். ஒருவகையில் நல்லது. செய்தி வராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அது சரி, பிறந்த தேதியில் பூஜ்யம் எப்படி வந்தது, அந்தக் காலத்தில் என்ட்ரி போட்டவர்கள் சோம்பேறிகளா என்று கேட்பீர்கள். எங்கள் கரையில் ஒரு நாள் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதிப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி முங்கி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகளை அறுத்து வருகிற அக்காமார்களுக்கு நாள் கணக்கு நிலாவைப் பார்த்துத்தான். பிறந்த நாள் என்னவென்றால், சந்தியாகப்பர் திருவிழாவுக்கு மறுநாள் என்பார்கள். சரி, எந்த வருஷத் திருவிழா? அது தெரியாது. கீழக்கரைப் பக்கத்து அம்மா ஒருவர் ரஜப் பிறை பதினொன்று என்றார். ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு, அதனால் வருஷம் தெரியாமல் அதை ஆங்கில மாதமாக மாற்ற முடியாது. இன்னொருவர் ஆனி 32 என்றார். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளை களுக்கென்று சிரித்தது. சிரிக்க ஒன்றுமில்லை, தமிழ் மாதத்தில் 32 ஆம் தேதி உண்டு, வீட்டில் இருக்கும் தினசரிக் காலண்டரில் ஆனி கடைசித் தாளைப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குத்தான் 31 க்கு மேல் எண்ணத் தெரியாது.

வருஷம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். குரோதி என்பார்கள். 1964 ஏப்ரலில் பிறந்ததும் குரோதி, 2024 ஏப்ரலில் பிறந்ததும் குரோதி. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிற பெயர். ஆளைப் பார்த்துத்தான் எந்தக் குரோதி என்று முடிவு பண்ண வேண்டும். இதைப் பழைய பஞ்சாங்கக் குறை என்று நினைக்காதீர்கள், எக்செல்லும் இதேதான் செய்கிறது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் தட்டினால், எங்கள் கம்ப்யூட்டரில் 29 வரை 2000 த்தில் சேர்க்கும், 30 லிருந்து 1900 த்தில் சேர்க்கும். பழைய பதிவேட்டில் 28 என்று எழுதியிருந்த ஒரு தாத்தா, இறந்து வெகுநாளாகிவிட்டவர், எங்கள் ஷீட்டில் 2028 இல்தான் பிறக்கப் போகிறார்.

அந்தக் குரோதி மார்கழியைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடியில் புயலில் ரயிலே போனது, காகிதம் எம்மாத்திரம். எங்கள் அம்மாவும் அங்கே பிறந்தவர்தான். புயலடித்தபோது இடுப்பில் இருந்த பிள்ளை. பிறந்த தேதிக்கு ஒரு சீட்டும் கிடையாது. தங்கச்சிமடத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் 1 என்று எழுதிவிட்டார். அந்தக் காலத்து வழக்கம் அது. பள்ளிக்கூடம் திறக்கிற நாளுக்குச் சரியாக வயது நிறைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. எங்கள் உறுப்பினர்களில் ஜூன் 1 காரர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பள்ளிக்கே போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. கோயிலில் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்துச் சிலருக்குத் தேதி கண்டுபிடித்தோம். ஆனால் அது ஞானஸ்நானம் கொடுத்த நாள், பிறந்த நாள் அல்ல. இதையும் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிப்பட்டவர்களுக்கு, தெரிந்ததை மட்டும் எழுதலாம் என்று இடம் கொடுத்தது அந்தப் பழைய டேட்டாபேஸ்தான். மைஎஸ்க்யூஎல்லில் மாதத்தையும் நாளையும் பூஜ்யமாக விட்டு ஆண்டை மட்டும் சேமிக்கலாம். பிறந்த தேதி முழுசாகத் தெரியாதவர்களுக்கு என்றே விட்ட வழி அது. ஆதாரிலும் அப்படி உண்டு, பலருடைய அட்டையில் பிறந்த தேதிக்குப் பதில் பிறந்த ஆண்டு என்று மட்டும் அச்சாகியிருக்கும். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் 1959-00-00 என்று தட்டியது நேர்மையான வேலை. அந்த நேர்மை எக்செல்லுக்குள் நுழையும்போதுதான் வாசலில் தடுக்கப்பட்டது.

ஆனால் எல்லாப் பூஜ்யமும் அப்படி வந்தவை அல்ல. எங்கள் சாப்ட்வேரில் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஜூன் 31 என்று தேர்ந்தாலும் வாங்கிக்கொள்ளும், பிப்ரவரி 30 க்கும் ஒன்றும் சொல்லாது. டேட்டாபேஸில் கண்டிப்பு முறை போடாமல் விட்டிருந்தால், இல்லாத அந்தத் தேதியை அது 0000-00-00 ஆக மாற்றி வைத்துக்கொள்ளும். ஓரமாக ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதும், அதை யார் படிக்கிறார்கள். ஆக, தேதியே தெரியாதவர், எழுதாமல் விட்டவர், தப்பாகத் தட்டப்பட்டவர் எல்லாரும் ஒரே பூஜ்யத்துக்குள் கிடக்கிறார்கள். நான் போனவாரம் முழுக்க பழைய காகித விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தேன். 37 இல் ஆறு பேருக்குத் தேதி தெளிவாக எழுதியிருக்கிறது. ஒருவருக்கு ஜூன் 30 ஐ யாரோ 31 என்று தட்டியதுதான் குற்றம்.

ஐயா, இதுவரை சொன்னது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தப்பு. 125 என்று இருந்தால் டீக்கடைக்காரரும் கண்டுபிடித்துவிடுவார். இன்னொரு தப்பு இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், தெரியவே தெரியாது.

என் தம்பி விசைப்படகில் டிரைவர். அவன் போகிற படகின் உரிமையாளருக்கு ஒருமுறை ஓர் இடத்தில் இருந்து விளக்கம் கேட்டார்கள், தடைக்காலத்தில் கடலுக்குப் போக டோக்கன் வாங்கியது எப்படி என்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் கரையில் விசைப்படகு கட்டிக்கிடக்கும், பட்டியலிலோ மே 7 என்று தேதி. மனுஷன் பயந்துபோய் என்னிடம் அந்தத் தாளைக் கொண்டு வந்தார். அதே தாளில் ஜூலை 15, 17 தேதிகள் சரியாக இருந்தன. உடனே பிடிபட்டுவிட்டது. அது மே 7 அல்ல, 05/07, ஜூலை 5. கம்ப்யூட்டரை வாங்கியபடியே வைத்திருந்தால் சிலவற்றில் அமெரிக்க முறை இருக்கும், அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. அதில் சிஎஸ்வி கோப்பை இரட்டை கிளிக் பண்ணித் திறந்தால் 05/07 மே 7 ஆகிவிடும். 15/07 க்குப் பதினைந்தாவது மாதம் கிடையாது என்பதால் எழுத்தாகவே நிற்கும். அச்சடித்த தாளில் இந்த வித்தியாசம் சட்டென்று கண்ணில் படாது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாள் 1 முதல் 12 வரை, மாதமும் 1 முதல் 12 வரை, ஆக 144 தேதிகள் இப்படிப் புரள முடியும். அதில் 1/1, 2/2 மாதிரி 12 தேதிகள் புரண்டாலும் அதேதான். மீதி 132. ஆண்டின் 365 நாளில் 132 நாள், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சத்தமே இல்லாமல் வேறு நாளாகிவிடும். 221 நாள் எழுத்தாக நின்று ஏதோ கோளாறு என்று காட்டிக்கொடுக்கும். தம்பியின் முதலாளிக்கு மாறிப்போன தேதி தடைக்காலத்துக்குள் விழுந்தது, அதனால் தெரிந்தது. பாசி எடுக்கிற அக்காவின் பிறந்த நாள் மார்ச் 7 லிருந்து ஜூலை 3 ஆனால் எந்தத் தடைக்காலம் காட்டிக்கொடுக்கும்? வங்கியில் ஆதாரோடு பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும்போதுதான் தெரியும். அப்போதும் அவர் ஏதோ பொய் சொன்னதாகத்தான் பார்ப்பார்கள்.

இன்னும் கூத்து உண்டு. வீட்டு இலக்கம் 2/11 என்று இருந்தால் அது நவம்பர் 2 ஆகிவிடும். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு அந்த மாதிரி இலக்கம்தான். இது நமக்கு மட்டும் நடக்கிற கொடுமை இல்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கிற சர்வதேசக் குழு, மார்ச்1, செப்ட்1 என்ற பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்று 2020 இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. பெரிய விஞ்ஞானிகளே பணிந்து போயிருக்கிறார்கள், தங்கச்சிமடத்து ஆபரேட்டர் எந்த மூலைக்கு.

அப்புறம் நான் என்ன மாற்றிக்கொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன், என்னைப் போல நாற்காலியில் இருக்கும் யாராவது படிப்பார்கள். சிஎஸ்வியை இரட்டை கிளிக் பண்ணித் திறப்பதை நிறுத்திவிட்டேன். வெற்று ஷீட்டைத் திறந்து, டேட்டா என்ற பகுதிக்குப் போய், அங்கிருந்து கோப்பை இழுத்து, தேதி உள்ள பத்தியை எழுத்தாகவே எடுத்துக்கொள் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டு இலக்கத்துக்கும் அதேதான். டேட்டாபேஸில் இருந்து வரும்போதே ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என்ற வரிசையில் வரட்டும். 1971-08-05 என்றால் எந்த நாட்டுக் கம்ப்யூட்டரும் ஆகஸ்ட் 5 என்றுதான் படிக்கும். அந்த எழுத்துப் பத்தியை யாரும் தொடக் கூடாது. பக்கத்தில் இன்னொரு பத்தியில் எக்செல்லுக்குப் புரிகிற தேதி, அதற்கும் பக்கத்தில், இந்தத் தேதி எப்படித் தெரியும் என்று ஒரு வார்த்தை. சான்றிதழ், ஆதார், ஆண்டு மட்டும், வாய்மொழி. வயது பார்முலாவில், தேதி காலியாக இருந்தால் வயதையும் காலியாக விடு என்று ஒரு நிபந்தனை. இந்த ஒன்றைச் செய்திருந்தாலே நான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

அனுப்பும் முன் தேதிப் பத்தியை ஏறுவரிசையில் அடுக்கி, மேலே பத்து வரிசை, கீழே பத்து வரிசை பார்க்கிறேன். தப்புத் தேதிகளுக்கு ஓரத்தில் போய் ஒதுங்குகிற குணம் உண்டு. 1900, 2028 எல்லாம் அங்கேதான் கிடக்கும். நிறையப் பேருக்கு 1970 ஜனவரி 1 என்று இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். சில கணினி முறைகள் நேரத்தை அந்த நாளில் இருந்துதான் எண்ணும், அவற்றின் பூஜ்யம் அது. சில நேரம் கூடவே காலை 5.30 மணி என்றும் இருக்கும், நம் நாட்டு நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதால். கட்டம் முழுக்க வேலிக் கம்பி மாதிரிக் குறிகள் வந்தால் பதறாதீர்கள், பெரும்பாலும் பத்தியின் அகலம் போதவில்லை என்பதுதான்.

இப்போது அலுவலகத்தில் ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது, அதைப் பற்றியும் எழுத வேண்டும். பழைய சாப்ட்வேரைப் புதிய சர்வருக்கு மாற்றப் போகிறார்கள். மைஎஸ்க்யூஎல்லில் 2015 இல் வந்த பதிப்பிலிருந்து, நாமாக அமைப்பை மாற்றாதவரை, இந்தப் பூஜ்யத் தேதிகளை ஏற்றுக்கொள்ளாது. மாற்ற வந்த தம்பி, தேதி இல்லாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டுவிடலாமா அக்கா, வேலை முடிந்துவிடும் என்றார். மேலே உள்ளவரும் தலையாட்டுகிறார். பார்க்கச் சுத்தமாக இருக்கும், வயது வரும், பிழைச் செய்தி வராது.

நான் முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை ஜனவரி 1 என்று போட்டுவிட்டால், நிஜமாகவே ஜனவரி 1 இல் பிறந்தவர் யார், நாம் போட்டது யாருக்கு என்று பிறகு கடவுளாலும் பிரிக்க முடியாது. எங்கள் அம்மாவின் ஜூன் 1 ஐ இன்று வரை யாராலும் கழற்ற முடிந்ததா? எக்செல்லுக்குள்ளேயே அப்படி ஒரு பொய் நாள் இருக்கிறது. 1900 லீப் வருடம் அல்ல, நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப். ஆனால் எக்செல் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாளை 60 ஆவது நாளாக எண்ணுகிறது. அதற்கு முன்னால் எல்லாரும் பயன்படுத்திய லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் சாப்ட்வேரில் அந்தத் தப்பு இருந்தது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று இதிலும் வைத்தார்கள். இன்று எடுத்தால் உலகத்தில் உள்ள எல்லா ஷீட்டிலும் தேதி ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் எடுக்கவும் முடியவில்லை. நடக்காத ஒரு நாளை ஒருமுறை உள்ளே விட்டதன் விளைவு.

தெரியாது என்பதற்கு டேட்டாபேஸில் முறையான ஒரு குறி இருக்கிறது, நல் என்பார்கள். ஆங்கிலத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தம், தமிழில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறந்த தேதியில் நல் போடுங்கள், பிறந்த ஆண்டுக்குத் தனிப் பத்தி வையுங்கள் என்பதுதான் நான் கேட்பது. காப்பீட்டுக்கு வயது வேண்டும் என்றால், ஆண்டு மட்டும் தெரிந்தவருக்கு எந்த நாளை வைத்துக் கணக்கிடுவது என்று ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டு கணக்கிடலாம். விதி தப்பு என்றால் நாளைக்கு விதியை மாற்றலாம். பதிவேட்டில் இருக்கும் தேதியை மாற்றிவிட்டால் எதைக் கொண்டு திருத்துவது? வந்த தம்பி நல்ல பிள்ளை, யோசிக்கிறேன் அக்கா என்று போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் உங்கள் பக்கத்தில் இது வந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் செய்தி வந்த மூன்றாம் நாள், ஓலைக்குடாவில் இருந்து ஒரு பாட்டி பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். 37 பேரில் ஒருவர். பேரன் வாசித்துக் காட்டினானாம். "ஏத்தா, எனக்கு நூத்தி இருவத்தஞ்சுன்னு போட்டியாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். பூஜ்யம், காலிக் கட்டம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "புயலப்போ எனக்கு அஞ்சு வயசுன்னு எங்க அம்மா சொல்லும். அஞ்சு முடிஞ்சிருச்சா, நடந்துக்கிட்டு இருந்துச்சான்னு அதுக்கும் தெரியாது. இதை மட்டும் எழுதிக்க, வேற எதையும் நீயா எழுதிறாத" என்றார். அவருடைய ஆதாரில் பிறந்த ஆண்டு 1959 என்று இருக்கிறது, தேதி இல்லை. காப்பீட்டில் சேர இன்னும் நான்கு வருடம் இடம் இருக்கிறது. அவரையும், வயது சரிபார்த்த மற்றவர்களையும் மறுபட்டியலில் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

உங்கள் நாளிதழில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். வயதைப் போட வேண்டாம். 1959 ஐ ஒட்டிப் பிறந்தவர், நாளும் மாதமும் தெரியாது என்று மட்டும் போடுங்கள். பாட்டி வாசித்துக் காட்டச் சொல்லிக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.

பி.கு.: வேலை பார்க்கும் இடத்தில் சங்கடம் வரும் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.